கவாத்து இயந்திரத்துக்குள் கம்பிப்பின்னல்: பேராசிரியர் ஜெங்கின் ஆய்வு நம் மலைப் பட்டறைக்கு எவ்வளவு தூரம் உதவும்?

கோத்தகிரிப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்க முதுகில் சுமந்துகொண்டு ஓட்டும் கவாத்து இயந்திரங்களே என்னிடம் மிகுதியாக வருகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மேசைமேல் வைக்கும் முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்றை வாங்கி, கடைகளில் கிடைக்காத பிளாஸ்டிக் மூடி, பெட்ரோல் குழாய்க் கவ்வி போன்ற சில்லறைப் பாகங்களை அச்சிட்டுக் கொடுத்து வந்தேன். அதோடு நின்றிருக்கலாம். சென்ற மாதம், எஞ்சினை முதுகுச் சட்டத்துடன் பிணைக்கும் தாங்கியையே பி.எல்.ஏ. எனும் பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டு, உள்நிரப்பை (உட்புறத்தில் பிளாஸ்டிக் நிரம்பும் பங்கை) 30 விழுக்காடு வைத்துப் பொருத்தினேன். மூன்றாம் நாள், என் சொந்தத் தோட்டத்தில் ஓட்டிப் பார்க்கும்போதே, அடுக்கும் அடுக்கும் ஒட்டிய கோட்டின் வழியாக அது வாழைமட்டை உரிவதுபோலப் பிரிந்து வந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன்பே நடந்ததில் எனக்கு நிம்மதி.

இதற்கு வழி தேடியபோதுதான் பேராசிரியர் சியாவ்யூ ஜெங்கின் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அவர் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் இருந்தபோது, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2014இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையில், இறகு போன்ற எடையிலும் விறைப்பை (விசைக்கு வளைந்து கொடுக்காத தன்மையை) இழக்காத கம்பிப்பின்னல்களை அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பின்னலை என் தாங்கிக்குள் உள்நிரப்பாக வைத்தால் எடையும் குறைந்து, உடைவதும் நிற்குமா என்பது என் கேள்வி. கவாத்துக்காரர் நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்கும்போது முதுகில் அரைக் கிலோ குறைந்தாலும் அவருக்குத் தெரியும்.

கணுவெண்

பட்டறைக்காரருக்கு வணக்கம். கேத்தியில் வளர்ந்தவன் நான். இப்போது கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பொருள்வலிமைப் பாடம் நடத்துகிறேன். ஜெங்கின் ஆய்வு எதைச் சொல்கிறது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். தாங்கிக்கு அது பொருந்துமா என்பது அடுத்த பேச்சு.

ஒரு கட்டிப் பொருளில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் காற்றாக்கிவிட்டால் விறைப்பு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால், பத்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பஞ்சு, நுரை போன்றவற்றில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. காரணம், நுரையை அமுக்கும்போது அதன் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் அமுங்குவதில்லை, வில்போல வளைகின்றன. நீளவாக்கில் இழுத்தால் அசையாத ஈர்க்குச்சியை இரண்டு விரலால் வளைத்துவிடலாம் அல்லவா, அதே கதைதான். அடர்த்தியின் இருபடிக்கு ஏற்ப விறைப்பு விழும் இந்த விதியை லோர்னா கிப்சனும் மைக்கேல் ஆஷ்பியும் 1988இல் வெளியிட்ட நூலில் தேனடை, மரம், எலும்பு, நுரை என்று எல்லாவற்றுக்கும் விரித்து எழுதினார்கள்.

கம்பிகள் வளையாமல் இழுவிசையையும் அமுக்குவிசையையும் மட்டுமே ஏற்கும்படி பின்னலை அமைத்துவிட்டால், அடர்த்தி எந்த விகிதத்தில் குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் விறைப்பும் குறையும். அப்படி அமைப்பதற்கான கணக்கை 1864இலேயே இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கொடுத்துவிட்டார். மாட்டுப்பட்டிக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சட்டங்களை நான்கு மூலையில் ஓர் ஆணி வீதம் அடித்துச் செய்த கதவு ஒரு மாதத்தில் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு சட்டம் அடித்தால் நிற்கும். தளத்தில் உள்ள சட்டகத்துக்குச் சட்டங்களின் எண்ணிக்கை, மூலைகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழித்தால் வரும் எண்ணாவது இருக்க வேண்டும். நான்கு மூலைக்கு ஐந்து சட்டம். வெளியில் நிற்கும் முப்பரிமாணச் சட்டகத்துக்கு மூன்றால் பெருக்கி ஆறைக் கழிக்க வேண்டும். கனசதுரத்துக்கு எட்டு மூலை, எனவே 18 கம்பி தேவை, விளிம்புகளோ 12தான். அதனால்தான் வெறும் கனசதுரச் சட்டகம் தள்ளினால் சரிகிறது.

இந்தக் கணக்கை முடிவின்றி நீளும் பின்னலுக்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு கணுவிலும் 12 கம்பிகள் சந்திக்கும் அமைப்பு கிடைக்கிறது. நான்முகியும் எண்முகியும் மாறி மாறி வரும் இந்த 'ஆக்டெட்' சட்டகத்துக்குப் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1961இல் கட்டடங்களுக்காகக் காப்புரிமை பெற்றார். அதை ஒரு பொருளாகவே கருதி, அதன் விறைப்பையும் வலிமையையும் கேம்பிரிட்ஜில் தேஷ்பாண்டே, ஃப்ளெக், ஆஷ்பி மூவரும் 2001இல் கணக்கிட்டார்கள். ஜெங்கின் குழு செய்தது, கண்ணுக்கே தெரியாத அளவில் அதைச் செய்து காட்டியது. ஒளிபட்டால் இறுகும் பிசின்மேல் ஒவ்வோர் அடுக்கின் படத்தையும் புற ஊதா ஒளியாக வீழ்த்தி, அடுக்கடுக்காகப் பின்னலை வளர்த்தார்கள். சிலவற்றின்மேல் நிக்கல் பூச்சோ அலுமினா பூச்சோ ஏற்றி, உள்ளே இருந்த பிசினை எரித்து நீக்கி, குழல்களால் ஆன பின்னலாக்கினார்கள். கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவானதிலிருந்து நானூற்றுச் சொச்சம் கிலோ வரை அடர்த்தியை மாற்றியும், எடைக்கு எவ்வளவு விறைப்பு என்ற விகிதம் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றது. நாம் மூச்சுவிடும் காற்றே கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் அருமை தெரியும்.

உலிக்கல்

நான் சிறு தேயிலை விவசாயி. படிப்பு அதிகமில்லை, ஆனாலும் ஒரு சந்தேகம். இங்கே நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் மந்துகளில் (குடியிருப்புகளில்) உள்ள பழைய குடிசைகளும் இதே வேலையைத்தானே செய்கின்றன? மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்து நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை காற்றடித்தாலும் அது அசைவதில்லை.

கணுவெண்

நல்ல கேள்வி, ஆனால் அது வேறு வழி. தோடர் குடிசையின் விறைப்பு, வளைந்த கூரை முழுவதும் ஒரே வில்லாக நிற்பதால் வருகிறது; அங்கே நாம் பார்ப்பது கட்டடத்தின் வடிவம். ஜெங் போன்றவர்கள் பேசும் பின்னலில், கம்பிகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப வரும் அறை இவ்வளவு சிறியதாகவும் எண்ணற்றதாகவும் இருப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவர் அதை ஒரு பொருளாகவே எண்ணி, அதற்கென்று ஓர் அடர்த்தி, ஒரு விறைப்பு என்று அட்டவணையில் எழுதிவிட முடிகிறது. மூங்கில் தண்டை அறுத்து அதன் நார்களைப் பார்த்தீர்களானால் அது இந்தப் பேச்சுக்கு நெருங்கிய உறவு.

முத்தோரை மாணவி

இடையில் ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டும். எங்கள் ஊரில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியும் இந்த உறவில் சேரும் என்று நினைக்கிறேன். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970இல் இயங்கத் தொடங்கிய அது, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய பரவளைய உருளை. அதன் எதிரொளிக்கும் பரப்பில் தகடே கிடையாது. 24 சட்டங்களின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள்தாம் பரப்பு. அது ஏற்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் என்பதால், கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அந்த அலையின் கண்ணுக்குப் படுவதில்லை. அலைக்கு அது கண்ணாடி, மலைக்காற்றுக்கு அது திறந்த வெளி. தகடாக இருந்திருந்தால் ஊட்டிக் காற்றை அந்தச் சட்டங்கள் எப்படித் தாங்கியிருக்கும்?

கணுவெண்

மிகப் பொருத்தம். வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன். அறையின் அளவு, அதன்மேல் விழும் அலையின் அளவைவிடச் சிறியதாக இருந்தால் பின்னல் முழுப் பொருளாகவே நடந்துகொள்ளும் என்பது ஒளிக்கும் ஒலிக்கும் விசைக்கும் பொது.

பழைய ஃபிட்டர்

குன்னூரில் ஓய்வில் இருக்கிறேன். நாற்பது ஆண்டு ஃபிட்டர் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் தாங்கி உடைந்தது விறைப்பு போதாமல் அல்ல. ஒற்றைச் சிலிண்டர் இரு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால், நொடிக்கு 100 முறை தாங்கியை உதைக்கிறது. நாளைக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உதை. மூன்று நாளில் முப்பது லட்சத்தைத் தாண்டிவிட்டீர்கள். இரும்பே இந்த அடியில் விரிசல் விடும்; அடுக்கடுக்காக ஒட்டிய பிளாஸ்டிக் எம்மாத்திரம்? பேராசிரியரின் பின்னல் எத்தனை முறை உதை தாங்கியது என்று கட்டுரையில் இருக்கிறதா, அல்லது ஒருமுறை அமுக்கிப் பார்த்ததோடு சரியா?

கணுவெண்

ஐயா சொன்னது குறி தவறாத கேள்வி. அந்தக் கட்டுரையின் அக்கறை விறைப்பும் வலிமையும் அடர்த்தியோடு எப்படி மாறுகின்றன என்பதில்தான். திரும்பத் திரும்ப உதைபட்டு விரிசல் விட்டு உடையும் களைப்பு முறிவு வேறு உலகம்.

தூள்படுக்கை

கோவையில் உலோகத் தூளை லேசரால் உருக்கி அச்சிடும் தொழிலில் இருப்பவன். ஃபிட்டர் ஐயாவின் கேள்விக்கு எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

எங்கள் இயந்திரத்தில் தூளை 30 முதல் 60 மைக்ரான் தடிமனுக்குப் பரப்பி, லேசரால் கோடு போட்டு உருக்கி, மறுபடி பரப்பி என்று அடுக்கிக்கொண்டே போவோம். படத்தில் கம்பி நேரான உருளையாக இருக்கும். வெளியே வருவதோ வேறு. செங்குத்தாக நிற்கும் கம்பி ஓரளவு உருண்டையாக வரும். 45 பாகைக்கும் கீழே படுத்திருக்கும் கம்பியின் அடிப்பக்கத்தில், தாங்க ஏதுமின்றித் தூளின்மேலேயே உருகிய உலோகம் சொட்டுச் சொட்டாகத் தொங்கி உறைந்துவிடும். பாதி உருகிய தூள்மணிகள் பரப்பெங்கும் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பின் ஒவ்வொரு பள்ளமும் விரிசல் தொடங்கும் இடம். அதிலும் கணுக்களில் பன்னிரண்டு கம்பிகள் வந்து சேருவதால் வெப்பமும் அங்கேயே தேங்கி, தகைவும் (உள்ளே எழும் விசையழுத்தமும்) அங்கேயே குவிகிறது. கட்டிப் பாகத்தில் மேல்பரப்பைக் கடைந்து மெருகேற்றிவிடலாம். பின்னலுக்குள் எந்த உளி போகும்?

இன்னொரு தொல்லை, எல்லா அறைகளும் ஒரே திசையில் ஒழுங்காக நிற்பதால், ஒரு வரிசை கம்பி நெளிந்தால் அந்தச் சாய்தளம் முழுவதும் சீட்டுக்கட்டுபோலச் சரிந்துவிடுவது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மின்-சோன் ஃபாம் குழுவினர் 2019இல் 'நேச்சர்' இதழில் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். உலோகத்துக்குள் மணிகள் வெவ்வேறு திசையில் இருப்பதால் விரிசல் தடைபடுவதைப் பார்த்து, பின்னலையும் பகுதி பகுதியாகத் திசை மாற்றி அமைத்தார்கள். இரும்படிக்கும் கொல்லருக்குத் தெரிந்த சங்கதிதான், அறை அளவில் திரும்ப வந்திருக்கிறது.

உலோகப் பின்னல் உண்மையிலேயே நன்றாகப் பிழைக்கும் இடம் இடுப்பு மூட்டுக் கிண்ணம் போன்ற உடற்பொருத்திகள். டைட்டானியக் கலவையின் விறைப்பு, அதை அளக்கும் அலகில், ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல். கெட்டி எலும்பினுடையது 10 முதல் 20 வரை. கட்டி டைட்டானியம் பாரம் முழுவதையும் தானே வாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்பு வேலையின்றி மெலிந்துவிடும். துளைகள் உள்ள பின்னலாக்கினால் விறைப்பும் எலும்புக்கு அருகே வரும், எலும்பும் துளைக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அங்கே தேவைப்படுவது குறைந்த விறைப்பு என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் தாங்கிக்கு என்னிடம் வராதீர்கள். அச்சிடும் கூலியில் இரண்டு புதுத் தாங்கி வாங்கலாம்.

கோத்தகிரிப் பட்டறை

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 50 மில்லிமீட்டர் கனசதுரங்கள் ஆறு அச்சிட்டேன். மூன்று ஆக்டெட் பின்னல், மூன்று கைராய்டு எனும் அலைத்தகட்டு வடிவம். இரண்டிலும் 20 விழுக்காடு நிரப்பு. தபால் தராசில் வைத்து எடை ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பிறகு அமுக்கும் பிரஸ்ஸில் வைத்து, நுண்ணிய அசைவையும் காட்டும் டயல் கேஜ் ஒட்டி, ஒரே அளவு விசைக்கு எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தேன். பேராசிரியரின் ஆக்டெட்தான் வெல்லும் என்று நினைத்தேன். மூன்று முறையும் கைராய்டே குறைவாக அமுங்கியது. அச்சில் கோளாறா, அல்லது நான் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டேனா?

கணுவெண்

தவறு உங்களுடையது இல்லை. என் முதல் பதிவில் ஒரு வகுக்கும் எண்ணை நான் விட்டுவிட்டேன். வகுப்பிலும் பல பேர் விடும் எண்தான் அது, ஆனால் உங்கள் கேள்விக்கு அதுவே உயிர்.

விறைப்பு அடர்த்தியின் விகிதத்தில் குறையும் என்று சொன்னேன். முழு வாய்பாட்டில், ஆக்டெட் பின்னலைக் கனசதுர அச்சின் திசையில் அமுக்கினால், அடர்த்தி விகிதத்தை ஒன்பதால் வகுக்க வேண்டும். ஏனென்றால் கம்பிகள் எல்லாத் திசையிலும் பரவிக் கிடக்கின்றன, நீங்கள் அமுக்கும் திசைக்கு அவற்றில் ஒரு பகுதிதான் உழைக்கிறது. மூலைவிட்டத் திசையில் அமுக்கினால் ஐந்தால் வகுத்தால் போதும். நுரைக்கான இருபடி விதியில் முன்னால் நிற்கும் எண் ஏறத்தாழ ஒன்று.

இப்போது போட்டுப் பாருங்கள். 20 விழுக்காட்டில் ஆக்டெட் கொடுப்பது கட்டிப் பொருளின் விறைப்பில் 2.2 விழுக்காடு, நுரை விதி கொடுப்பது 4 விழுக்காடு. நுரையே ஜெயிக்கிறது! இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்பதில் ஒன்று, அதாவது 11 விழுக்காடு. அதற்குக் கீழே இறங்க இறங்கத்தான் ஆக்டெட்டின் ஆட்டம். ஒரு விழுக்காட்டில் அது நுரையைப்போல 11 மடங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு அடர்த்தியில் 111 மடங்கு. ஜெங்கின் பின்னல்களில் வியப்பானவை இருக்கும் இடம் அந்த அடித்தளம்தான். மேசை அச்சுப்பொறியில் 0.4 மில்லிமீட்டர் முனையை வைத்துக்கொண்டு நீங்களும் நானும் அங்கே இறங்கவே முடியாது.

இது மெல்லிய கம்பிகளுக்கான கணக்கு. 20 விழுக்காட்டில் கம்பிகள் தடித்து, கணுக்களும் பருத்திருப்பதால், உங்கள் ஆக்டெட் உண்மையில் 2.2ஐவிடக் கொஞ்சம் மேலேயே இருந்திருக்கும். கைராய்டு கம்பியே இல்லாத வளைந்த தகடு. 1970இல் நாசாவில் ஆலன் ஷோயன் விவரித்த பரப்பு. தகடு தன் தளத்தில் இரண்டு திசையிலும் விசை ஏற்கும், கம்பி ஒரு திசையில்தான் ஏற்கும். அதனால் கணிசமான அடர்த்தியில் தகட்டுப் பின்னல்கள் கம்பிப் பின்னல்களை வெல்வது இயல்பு. 2017இல் பெர்கர், வாட்லி, மக்மீக்கிங் மூவரும், தட்டையான தகடுகளை முறையாக இணைத்தால் கோட்பாடு அனுமதிக்கும் மேல் எல்லையையே எட்டிவிடலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

தூள்படுக்கை

அந்தத் தகட்டுப் பின்னலில் அறைகள் மூடியிருப்பதால், உருகாத தூள் உள்ளேயே சிறைப்பட்டுவிடும் என்பதை நான் சொல்லாமல் விட்டால் என் தொழில் என்னை மன்னிக்காது. துளை போட்டால் தூள் வெளியே வரும், விறைப்பு கொஞ்சம் போகும். கைராய்டில் இந்தத் தொல்லை இல்லை, வழி திறந்தே இருக்கும். தொழிலில் அது இவ்வளவு பரவியதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

முத்தோரை மாணவி

ஜெங் பின்னர் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 2019இல் அவருடைய குழு அழுத்தினால் மின்னூட்டம் தரும் பீங்கான் துகள்களைப் பிசினில் கலந்து பின்னலாக அச்சிட்டதாகப் படித்தேன். எந்தத் திசையில் அழுத்தினால் மின்னழுத்தம் வர வேண்டும் என்பதையே பின்னலின் வடிவத்தால் தேர்ந்துகொள்ளலாமாம். விறைப்பை விட்டுவிட்டு வேறு குணத்துக்கும் இந்த வழி போகிறது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன்.

பழைய ஃபிட்டர்

படித்தவர்கள் சண்டை சுவையாக இருக்கிறது. நான் மறுபடி பட்டறைக்கு வருகிறேன். 5 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை மடித்து, மூலையில் முக்கோணத் துண்டு ஒன்றை வெல்டு வைத்துத் தாங்கியைச் செய்யுங்கள். மாக்ஸ்வெல் சொன்ன குறுக்குச் சட்டமும் அதில் வந்துவிடுகிறது. எடை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

பின்னலை எங்கே வைக்கலாம் என்று கேட்டால், கவாத்துக்காரரின் முதுகில் வையுங்கள். எல்லோரும் விறைப்பு விறைப்பு என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மனிதருக்கு வேண்டியது விறைப்பு இல்லையே, அதிர்வு முதுகெலும்பில் ஏறாமல் இருப்பதுதானே?

உலிக்கல்

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் இயந்திரத்தின் முதுகுத் திண்டு ரெக்சின் உறை போட்ட பஞ்சு. தென்மேற்குப் பருவ மழையில் ஒருமுறை நனைந்தால் வாரம் முழுக்கக் காயாது. மூடுபனியிலேயே ஈரம் ஏறிவிடும். நாற்றம் வேறு. போன வருடம் அதைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சாக்கை மடித்து வைத்து ஓட்டுகிறோம்.

கணுவெண்

இப்போதுதான் கேள்வி சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. வளையும் பின்னல் என்று நாம் ஒதுக்கிய வகையே இங்கே வேண்டியது. நுரை போன்ற வளையும் அமைப்பை அமுக்கினால், முதலில் கொஞ்சம் எதிர்த்து, பிறகு நீண்ட தூரம் ஏறத்தாழ ஒரே விசையில் அமுங்கிக்கொண்டே போகும். கடைசியில் அறைச் சுவர்கள் ஒன்றையொன்று தொடும்போதுதான் மறுபடி இறுகும். விறைப்பான ஆக்டெட் அப்படியல்ல, உச்சிவரை ஏறிச் சட்டென்று சரியும். திண்டுக்கு முதல் வகைதான் உகந்தது. பஞ்சுக்குப் பதிலாக டி.பி.யு. எனும் ரப்பர்த் தன்மையுள்ள இழையில் திறந்த பின்னலாக அச்சிட்டால், தண்ணீர் தங்காமல் வடிந்துவிடும், முதுகுக்குக் காற்றும் போகும். தோள்பட்டைப் பக்கம் மெத்தென்றும் இடுப்புப் பக்கம் கெட்டியாகவும், ஒரே துண்டில் அறைச்சுவரின் தடிமனை மாற்றியே செய்துவிடலாம். பஞ்சில் இது முடியாது.

அளவு பார்க்க ஓர் எளிய சோதனை சொல்கிறேன். திண்டை மேசையில் வைத்து அதன்மேல் இயந்திரத்தைப் படுக்க வையுங்கள். எஞ்சினின் எடைக்கு அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 16, இரண்டு மில்லிமீட்டருக்கு 11, நான்குக்கு 8. எஞ்சினின் உதை இந்த எண்ணைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால்தான் திண்டு அதிர்வைக் குறைக்கத் தொடங்கும்; அதற்குக் கீழே அது பெருக்கவே செய்யும். உங்கள் எஞ்சின் சும்மா உறுமும்போது நிமிடத்துக்கு 2,800 என்றால் நொடிக்கு 47. எனவே இரண்டு மில்லிமீட்டர் அமுங்கினாலே தாராளம். மிகவும் மெத்தென்று போனால் சரிவில் இறங்கும்போது இயந்திரம் முதுகில் ஆடும். மனித முதுகு மேசையைப்போலக் கெட்டியில்லை, தோள்வார் வழியாகவும் அதிர்வு ஏறும் என்பதால் இந்தக் கணக்கைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தூள்படுக்கை

சைலன்சருக்கு அருகே டி.பி.யு. போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், சூட்டில் இளகிவிடும். அச்சிடும் முன் இழையை நன்றாக உலர்த்துங்கள். நீலகிரிக் காற்றில் ஒரே இரவில் ஈரம் குடித்துவிடும், அப்புறம் அடுக்குகள் ஒட்டாமல் பழைய கதையே திரும்பும்.

கோத்தகிரிப் பட்டறை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஃபிட்டர் ஐயா சொன்னபடி எஃகுத் தாங்கி செய்து பொருத்திவிட்டேன். 300 கிராம் கூடியது, அசைவே இல்லை. திண்டை டி.பி.யு.வில் கைராய்டு வடிவில், 6 மில்லிமீட்டர் அறை அளவில் அச்சிட்டேன். முதல் திண்டு அரை மில்லிமீட்டர்கூட அமுங்கவில்லை, பலகைபோல இருந்தது. சுவரை மெலிதாக்கிய இரண்டாவது திண்டு இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கியது. அதை உலிக்கல் நண்பரிடமே கொடுத்தனுப்பினேன்.

உலிக்கல்

ஏழு நாள் ஓட்டியாயிற்று. மாலையில் இயந்திரத்தை இறக்கியபின் முதுகில் இருக்கும் அந்த ரீங்காரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. மழையில் நனைத்தும் பார்த்தோம்; உதறினால் போதும். ஒரே குறை, கவாத்துத் தூளும் பொடி இலையும் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்கின்றன. நான்காம் நாளே கீழ்ப்பக்கம் கெட்டியாகிவிட்டது. சைக்கிள் பம்பால் ஊதினால் பாதி வருகிறது, ஈர இலை வரமாட்டேன் என்கிறது.

கணுவெண்

அடைத்த குப்பையும் அறைச்சுவர்களைத் தாங்கத் தொடங்குவதால், பின்னல் தன் முழுத் தூரமும் அமுங்காமல் முன்கூட்டியே இறுகுகிறது. அறையை 10 மில்லிமீட்டராக்கி, அதே எடை வரும்படி சுவரைத் தடிமனாக்குங்கள். அடர்த்தி விகிதம் மாறாதவரை விறைப்பும் பெரிதாக மாறாது; இலை மட்டும் உதிர்ந்துவிடும்.

பழைய ஃபிட்டர்

அல்லது முதுகுப்பக்கம் திறந்து வைத்து, இலை வந்து விழும் பக்கத்துக்கு மட்டும் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றைத் தைத்துவிடுங்கள்.

கோத்தகிரிப் பட்டறை

10 மில்லிமீட்டர் அறை இப்போது அச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினான்கு மணி நேரம் ஆகும் என்று காட்டுகிறது, மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும். கொசுவலை தைத்த ஒன்றையும் தைக்காத ஒன்றையும் அடுத்த வாரம் உலிக்கலுக்கு அனுப்புகிறேன்.